மார்செய்க்குக் கொள்ளைநோய் வந்த வழி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மத்தியதரைக்கடல் துறைமுகங்களைப் பற்றி உங்கள் தளத்தில் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறேன். பிரான்சின் மார்செய் பற்றிய குறிப்பில் "எல்லோருக்கும் கதவைத் திறந்த ஊர்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி எனக்கு உறுத்தியது. என் சித்தப்பா புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போய் லியோன் பக்கம் குடியிருக்கிறார். மார்செய் என்றாலே முகம் சுளிப்பார். திருட்டு, போதைப்பொருள், துப்பாக்கிச் சூடு, குப்பை என்று ஆரம்பித்து "கண்டவனையும் உள்ளே விட்டால் ஊர் அப்படித்தான் ஆகும்" என்று முடிப்பார். 1720-ல் அந்த ஊரைப் பாதியாக்கிய பிளேக்கும் கீழைநாட்டுக் கப்பலில்தானே வந்தது? கதவைத் திறந்துவைத்ததற்கு அந்த ஊர் கொடுத்த விலை என்று அதைச் சொல்லலாமில்லையா? துறைமுகம் என்றாலே எழுத்தாளர்கள் உருகிவிடுகிறீர்கள். அங்கே தினமும் பிழைப்பு நடத்துகிறவன் என்ன நினைப்பான்?

இன்னொரு கேள்வியும் உண்டு. என் கொள்ளுத்தாத்தா மல்லாட்டை (நிலக்கடலை) மண்டி வைத்திருந்தார், மூட்டையெல்லாம் புதுச்சேரி போய் அங்கிருந்து "மார்சேல்ஸ்" போகும் என்று பாட்டி சொல்லுவார். அவ்வளவு தூரம் மல்லாட்டை எதற்குப் போனது? அடுத்த வருடம் சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன். மார்செய்க்குப் போகலாமா, போனால் என்ன பார்ப்பது?

வி.,
திண்டிவனம்

*

அன்புள்ள வி.,

எப்படிப் போவது, என்ன பார்ப்பது என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் பிளேக். சித்தப்பா சொல்வதற்கு அதைச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நோய் கப்பலில் வந்தது உண்மை. கதவு திறந்து கிடந்ததால் வந்தது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1720-ல் மார்செயின் கடல்வாசல் ஐரோப்பாவிலேயே மிகவும் கறாரான வாசல்களில் ஒன்று. சிரியா, எகிப்து, துருக்கிக் கரைகளிலிருந்து வரும் எந்தக் கப்பலும் நேராக ஊருக்குள் வந்துவிட முடியாது. ஊருக்கு எதிரே கடலில் இருக்கும் பொமேக் தீவில் நங்கூரம் பாய்ச்ச வேண்டும். கப்பல் தலைவர் மட்டும் சின்னப் படகில் துறைவாயிலில் உள்ள சுகாதார அலுவலகத்துக்கு வருவார், படகை விட்டு இறங்கக் கூடாது. அந்த அலுவலகத்துக்கென்று 1719-ல் சான் ழான் கோட்டையின் காலடியில், தண்ணீரை ஒட்டிக் கட்டிய கட்டடம் இன்னும் இருக்கிறது. சாதாரண இரண்டடுக்குக் கட்டடம்தான், கவனிக்காமல் கடந்துபோய்விடுவோம். கிளம்பிய துறையில் நோய் உண்டா இல்லையா என்று அங்கிருக்கும் பிரெஞ்சு அதிகாரி எழுதிக்கொடுத்த சான்றிதழை அங்கே காட்ட வேண்டும். காகிதத்தைக் கையால் வாங்க மாட்டார்கள். இடுக்கியால் பிடித்து, வினிகரில் முக்கி எடுத்து, அப்புறம்தான் படிப்பார்கள். சுத்தம், சந்தேகம், நோயுண்டு என்று சான்றிதழிலேயே தரங்கள் உண்டு, அதைப் பார்த்துத்தான் ஆளுக்கு இத்தனை நாள், சரக்குக்கு இத்தனை நாள் என்று முடிவாகும். ஊருக்கு வடக்கே மதில் கட்டிய தனி வளாகத்தில் ஆட்களை வைத்திருந்து, பஞ்சையும் துணியையும் பிரித்துப்போட்டு வாரக்கணக்கில் காற்றாட விட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் ஊருக்குள் விடுவார்கள்.

இவ்வளவும் இருந்த ஊரில் எப்படி நுழைந்தது? அந்தக் கப்பலின் பெயர் கிராந் சான் அந்துவான். இஸ்மீர், சைப்ரஸ், சிதோன், திரிப்போலி என்று சுற்றிவிட்டு, விலை உயர்ந்த பட்டும் பஞ்சுமாகத் திரும்பியது. திரும்பும் வழியிலேயே ஒரு பயணி செத்தார், அப்புறம் மாலுமிகள் ஒவ்வொருவராக, அவர்களைப் பார்த்த கப்பல் வைத்தியரும் போனார். கப்பல் தலைவர் ழான் பத்தீஸ்த் ஷாத்தோவுக்கு விஷயம் புரியாமல் இருந்திருக்காது. அவர் நேரே மார்செய்க்கு வரவில்லை. தூலோன் அருகே ஒரு குடாவில் ஒதுங்கி முதலாளிகளுக்குத் தகவல் சொல்லியனுப்பினார். அதன்பிறகு கப்பல் இத்தாலியின் லிவோர்னோ துறைக்குத் திரும்பிப் போனது. அங்கே உள்ளே விட மறுத்துவிட்டார்கள், ஆனால் செத்தவர்களுக்குக் கெட்ட காய்ச்சல் என்று ஒரு சீட்டு மட்டும் கிடைத்தது. அந்தச் சீட்டோடு 1720 மே 25 அன்று மார்செய் வந்து சேர்ந்தது.

இரண்டு நாளில் இன்னொரு மாலுமி செத்தார். இப்படிப்பட்ட கப்பலை ஆளில்லாத ழார் தீவுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. சுகாதார அலுவலகமும் முதலில் அப்படித்தான் முடிவெடுத்தது, பிறகு மாற்றிக்கொண்டது. விலை மிகுந்த சரக்கெல்லாம் ஊரை ஒட்டியிருந்த வளாகத்திலேயே இறக்கப்பட்டது. ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள். ஜூலைக் கடைசியில் ரோன் ஆற்றங்கரையில் போக்கேர் சந்தை கூடும், தென் பிரான்சின் துணி வியாபாரமெல்லாம் அங்கேதான், சரக்கு அதற்குள் போய்ச் சேர வேண்டும். அடுத்தது, சரக்கில் பங்கு வைத்திருந்தவர்களில் ஒருவர் ழான் பத்தீஸ்த் எஸ்தெல், ஊரை நிர்வகித்த நான்கு எஷெவன்களில் ஒருவர். சுகாதார அலுவலகத்தை நடத்தியவர்களிலும் பெரும்பாலோர் வியாபாரிகளே.

மூட்டையைத் தூக்கிய கூலிகள் செத்தார்கள். ஜூன் 20 அன்று பழைய ஊரின் குறுகலான ஒரு தெருவில் ஒரு பெண். ஆகஸ்டில் ஒரே நாளில் ஆயிரம் பேர் வரை. சுமார் 90,000 பேர் இருந்த ஊரில் ஏறத்தாழ 40,000 பேர் போனார்கள், புரோவான்ஸ் பகுதி முழுக்கச் சேர்த்தால் ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். தூர்ரெத் மேட்டில் வாரக்கணக்காகக் கிடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்களை அகற்ற ரோஸ் என்பவர் செப்டம்பரில் துடுப்புக்கப்பல் கைதிகளைக் கூட்டிப்போனார். விடுதலை கிடைக்கும் என்று சொல்லி இறக்கப்பட்ட அந்தக் கைதிகளில் தப்பியவர்கள் சிலரே. ஷாத்தோ சிறைக்குப் போனார், கப்பலை எரித்தார்கள்.

எந்தக் கதவு திறந்திருந்தது என்று இப்போது யோசித்துப் பாருங்கள். அந்நியனுக்காக யாரும் விதியை வளைக்கவில்லை. உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் சரக்குக்காக, ஒரு சந்தை தவறிப்போய்விடக் கூடாது என்பதற்காக வளைத்தார்கள். லிவோர்னோவும் துறைமுகம்தான், அங்கேயும் உலகம் முழுக்க இருந்து கப்பல் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அந்த மே மாதத்தில் அங்கிருந்த காவலாளிகள் தங்கள் வேலையைச் செய்தார்கள். துறைமுகத்தில் யாரை உள்ளே விடுகிறார்கள் என்பதைவிட, விதி எல்லோருக்கும் ஒன்றுதானா என்பதைத்தான் நான் பார்ப்பேன். "எல்லோருக்கும் கதவைத் திறந்த ஊர்" என்று எழுதினேன், இப்போதும் அதையேதான் சொல்வேன். அந்தக் கதவில் காவலுக்கு உட்கார்ந்தவர்களையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அன்றாடம் அங்கே பிழைக்கிறவன் என்ன நினைப்பான் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. அதற்கு நான் மீனவர்களிடம்தான் போவேன், ஏனென்றால் அந்தத் துறையில் யாரையும்விடப் பழைய ஆட்கள் அவர்கள்தான்.

மார்செய் மீனவர்களுக்கு இடைக்காலத்திலிருந்தே சொந்தமாக ஒரு நீதிமன்றம் உண்டு, ப்ரூதோமி என்று பெயர். மீனவர்களே தங்களுக்குள் மூத்த நான்கு பேரை ஒவ்வொரு வருடமும் தேர்ந்தெடுப்பார்கள். எந்த வலையை எந்த இடத்தில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்குப் போடலாம் என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். ஒருவன் வலைமேல் இன்னொருவன் வலை விழுந்தால் வழக்கு அவர்களிடம் வரும். வக்கீல் கிடையாது. எழுத்து கிடையாது. இரண்டு பக்கமும் வாயால் சொல்லும், அவர்கள் கூடிப்பேசித் தீர்ப்பைப் புரோவான்ஸ் மொழியிலேயே சொல்வார்கள், மேல்முறையீடு இல்லை. 1789 புரட்சிக்குப் பிறகு பழைய சங்கங்களையும் தனிச் சலுகைகளையும் பாரிஸ் ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டிருந்தபோது, இதை மட்டும் 1790 டிசம்பரில் ஆணை போட்டுத் தக்கவைத்தார்கள். இன்றும் பிரான்சின் மத்தியதரைக் கரையில் ப்ரூதோமிகள் இருக்கின்றன, பழைய அதிகாரம் இல்லை என்றாலும்.

ஆனால் இந்த மீனவர்களும் அந்நியரைக் கண்டு ஆடிப்போனவர்கள்தான். 18-ம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கத்தலோனியாவிலிருந்து மீனவர்கள் வந்து ஊருக்குத் தெற்கே ஒரு சிறு வளைகுடாவில் தங்கினார்கள். நூற்றுக்கணக்கான தூண்டில்முள் கட்டிய நீண்ட கயிறுகளைப் போட்டு, ஆழத்திலிருந்து பெரிய மீனாக எடுத்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. பல பத்தாண்டுகள் வழக்கும் வாதமும் நடந்தன. கத்தலான்கள் ப்ரூதோமிக்குக் கட்டுப்பட வேண்டுமா, சங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டுமா என்பதுதான் சண்டையின் மையம். "இங்கே மீன் பிடிக்கிறாய் என்றால் இங்கத்திய விதிக்கு உட்படு" என்பது உள்ளூர்க்காரர்களின் நிலை. அதில் எனக்குத் தப்பொன்றும் தெரியவில்லை. அந்த வளைகுடாவுக்கு இன்றைக்கும் கத்தலான்கள் பெயர்தான், ஊர்க்காரர்கள் கோடையில் குளிக்கப் போகும் மணல்கரை அது.

மீனென்று வந்துவிட்டது, பூயாபேஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்று பெரிய உணவகங்களில் முன்கூட்டிச் சொல்லிவைத்துச் சாப்பிடும் பண்டமாகிவிட்டது, ஆரம்பத்தில் அது விற்காத மீனில் செய்த குழம்பு. பாறையிடுக்கில் வாழும் ராஸ்காஸ் என்ற மீன் ஒன்று உண்டு. செக்கச்செவேலென்று, முகமெல்லாம் முள்ளும் முண்டுமாக, தலை பெரிதாகச் சதை கொஞ்சமாக இருக்கும், முதுகுமுள் குத்தினால் விஷம். வாங்க ஆளில்லாத இந்த மாதிரி மீன்களைக் கரையிலேயே கொதிக்கவிட்டார்கள் மீனவர்கள். பூண்டு, தக்காளி, பெருஞ்சீரகம், குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய். பரிமாறும் முறைதான் விசேஷம். முதலில் குழம்பை மட்டும் தட்டில் ஊற்றுவார்கள், காய்ந்த ரொட்டித் துண்டில் பூண்டைத் தேய்த்து, மிளகாயும் குங்குமப்பூவும் சேர்த்து அரைத்த ரூய் என்ற விழுதைத் தடவி அதில் மிதக்கவிட வேண்டும். மீன் தனித்தட்டில் முழுசாக வரும், நம் கண்ணுக்கு முன்னால் முள் எடுத்துத் தருவார்கள். குறைந்தது நான்கு வகை மீனாவது இருக்க வேண்டும் என்று உணவகக்காரர்கள் 1980-ல் ஒரு சாசனமே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முள்மீன் குழம்புக்குச் சாசனம் எழுதிய ஊர் அது.

சரி, மல்லாட்டை. எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பிடித்த கேள்வி இது. பாட்டி சொன்னது முழுக்க உண்மை. மல்லாட்டை மார்செய்க்குப் போனது சோப்புக்காக.

மார்செய் சோப்பு பழைய சரக்கு. 1688-ல், பதினான்காம் லூயி காலத்தில், அதற்கு ஓர் அரசாணையே போட்டார்கள். ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பைச் சேர்க்கக் கூடாது, மீறினால் பறிமுதல். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் சோப்பு காய்ச்சவே கூடாது, வெயிலில் தரம் கெட்டுவிடும். பெரிய கொப்பரைகளில் பல நாள் காய்ச்சி, தரையில் பாத்தி கட்டினாற்போல ஊற்றி இறுகவிட்டு, கத்தி பொருத்திய சட்டத்தை இழுத்துக் கட்டி கட்டியாக வெட்டி, முத்திரை குத்துவார்கள். 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் ஜனங்கள் துணி துவைக்க சோப்பு கேட்க ஆரம்பித்தபோது ஆலிவ் எண்ணெய் கட்டுப்படியாகவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பனையெண்ணெய், செனகலிலிருந்து நிலக்கடலை, கிழக்கேயிருந்து எள், கொப்பரை, அப்புறம் நம் தென்னார்க்காட்டு மல்லாட்டை என்று எல்லாம் மார்செயில் இறங்கின. அங்கேயே ஆட்டி எண்ணெயெடுத்தார்கள், பிண்ணாக்கு மாட்டுக்கும் வயலுக்கும் போனது.

பண்ருட்டி, திண்டிவனம், விழுப்புரம் சுற்றுவட்டாரச் செம்மண்ணில் விளைந்ததெல்லாம் வண்டியிலும், பிறகு ரயிலிலும் புதுச்சேரி வந்து, அங்கே கரையிலிருந்து சலங்குப் படகில் ஏற்றப்பட்டு, தள்ளி நிற்கும் கப்பலுக்குப் போகும். பிரெஞ்சு வியாபார நிறுவனங்கள் அங்கேயே கிடங்கு வைத்திருந்தன. இதில் உங்கள் கொள்ளுத்தாத்தா நிச்சயம் அறிந்திருக்கக்கூடிய ஒரு விஷயம் உண்டு. கையால் உடைப்பதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று மல்லாட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துத் தோலெடுப்பார்கள். ஈரப் பருப்பு மூட்டைக்குள் மாதக்கணக்கில் கடலில் கிடந்தால் என்னாகும்? கசந்துபோகும். அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது, சோப்புக்கு ஆகும். செனகல் கடலை தோலோடு போய்ச் சேர்ந்ததால் நல்ல விலைக்குச் சாப்பாட்டு எண்ணெயானது, நம்முடையது சோப்புக் கொப்பரைக்குப் போனது. 1914-ல் போர் வந்து கப்பல் நின்றபோது தென்னார்க்காட்டில் மல்லாட்டை வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது. செஞ்சிப் பக்கத்து விவசாயியின் வருமானத்தை மார்செயின் சோப்பு ஆலை தீர்மானித்துக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

அந்த வருடமே, 1914 செப்டம்பர் கடைசியில், இந்தியச் சிப்பாய்களின் லாகூர் டிவிஷன் மார்செயில் இறங்கியது, அதன்பின் மீரட் டிவிஷன். கராச்சியிலும் பம்பாயிலும் கப்பலேறியவர்கள். ஊர் ஜனம் தெருவில் திரண்டு பூக்கொடுத்து வரவேற்றார்கள். அவர்களில் பலரும், பிறகு வந்த தொழிலாளர் படையினரும், ஊரின் தெற்கே மஸார்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். உடல் எரிக்கப்பட்டவர்களுக்கென்று 1925-ல் அங்கே ஒரு நினைவுச்சின்னமும் வைத்தார்கள். இன்னொரு தொடர்பு கண்ணுக்குத் தெரியாதது. 2005-ல் போட்டு முடித்த கடலடிக் கேபிள் ஒன்று மார்செயில் ஆரம்பித்துச் சென்னையிலும் கொழும்பிலும் கரையேறிச் சிங்கப்பூர் வரை போகிறது.

அந்நியர் விஷயத்துக்குத் திரும்புகிறேன். அங்கே எல்லோரும் கட்டிப்பிடித்து வாழ்ந்தார்கள் என்று நான் ஒருபோதும் எழுத மாட்டேன். 1881 ஜூனில் இத்தாலியர்களைத் தெருத்தெருவாகத் தேடி அடித்தார்கள், உயிர்கள் போயின. அவர்கள் வேலையைப் பறிக்கிறார்கள், அழுக்கு, கத்தி வைத்திருப்பார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். அடுத்த முப்பது வருடத்தில் ஊரில் ஐந்தில் ஒருவர் இத்தாலியர். 1922 முதல் ஆர்மீனிய அகதிகள் கப்பல் கப்பலாக வந்தார்கள், பழைய ராணுவ முகாமில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். 1962 கோடையில் அல்ஜீரியா விடுதலையானபோது அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்கினார்கள், அன்றைய மேயர் கஸ்தோன் தெஃபேர் அவர்களை வேறெங்காவது போகச் சொன்னார். கவனியுங்கள், அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரையும் பற்றி உங்கள் சித்தப்பா சொல்லும் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள், சொன்னவர்களில் முந்தைய கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகளும் உண்டு.

அந்த வாக்கியம் கடைசியில் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 1943-ல் பார்த்தார்கள். பழைய துறைமுகத்தின் வடகரையில் இருந்த பகுதியை, பிளேக் முதலில் தொட்ட அதே பழைய ஊரின் கீழ்ப்பகுதியை, "அழுக்கு, குற்றவாளிகள் கூடாரம்" என்று பல வருடமாக எழுதிவந்தார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டங்கள் முன்னமே இருந்தன. ஜனவரி 22 முதல் 24 வரை, ஜெர்மானியர் கட்டளையிட, காவல்துறைத் தலைவர் ரெனே பூஸ்கேயின் பிரெஞ்சு போலீஸ் வீடுவீடாக ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிட்டத்தட்ட 20,000 பேரை இரண்டு மணிநேர அவகாசம்கூடக் கொடுக்காமல் வெளியேற்றி, ரயிலில் ஃப்ரெழூஸ் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1,642 பேரைச் சரக்கு ரயிலில் அடைத்து கொம்ப்பியேன் முகாமுக்கு அனுப்பினார்கள். அவர்களில் யூதர்கள் சுமார் எண்ணூறு பேரை அங்கிருந்து சோபிபோர் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். பிப்ரவரியில் சுமார் 1,500 கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் மீனவர்கள், துறைமுகக் கூலிகள், நாப்போலியிலிருந்து வந்த குடும்பங்கள். இந்த நிகழ்வை மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக விசாரிக்க 2019-ல்தான் பாரிசில் விசாரணை தொடங்கியது, அப்போது சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் எண்பது வயதில் வந்து புகார் கொடுத்தார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் ரத்தம் கொதிக்கும்.

சித்தப்பா சொல்லும் துப்பாக்கிச் சூடு பொய்யில்லை. 2023-ல் மட்டும் போதைப்பொருள் கும்பல் சண்டையில் மார்செயில் 49 பேர் செத்தார்கள். செத்தவர்களில் பலர் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள். வடக்குப் பகுதியின் அடுக்குமாடிகளில் வளர்ந்தவர்கள். அந்த அடுக்குமாடிகள் 1960-களில் அவசரமாக எழும்பியவை. அதே காலத்தில் எண்ணெய்க் கப்பலும் பிறகு கன்டெய்னரும் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஃபோஸ் துறைக்குப் போய்விட்டன, சோப்பு ஆலையும் எண்ணெய் ஆலையும் சர்க்கரை ஆலையும் ஒவ்வொன்றாக மூடின. துறைமுக வேலையை நம்பி வந்த அப்பனுக்கு வேலை போனது, பிள்ளைக்கு ஊர் மையத்துக்கு வர ஒழுங்கான மெட்ரோகூடக் கிடையாது. 2018 நவம்பர் 5 அன்று ஊர் நடுவே ஒபாஞ் தெருவில் இரண்டு பழைய வீடுகள் சரிந்து எட்டுப் பேர் செத்தார்கள். விரிசல் விட்டிருக்கிறது, கதவு மூட முடியவில்லை என்று குடியிருந்தவர்கள் முன்னமே முறையிட்டிருந்தார்கள். பாழான வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் அல்லர். 1720-ல் யாருடைய சரக்கு என்று கேட்டது போல இங்கேயும் யாருடைய வீடு என்று கேட்க வேண்டும்.

போகலாமா என்றால், தாராளமாகப் போங்கள். லியோனிலிருந்து வேக ரயிலில் இரண்டு மணிநேரத்துக்குள் சான் ஷார்ல் நிலையம். வெளியே வந்ததும் 104 படிகள் ஊருக்குள் இறங்கும், படிக்கட்டின் பக்கத்தில் "ஆசியக் குடியேற்ற நாடுகள்", "ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள்" என்று பெண் உருவில் சிலைகள் வைத்திருக்கிறார்கள், 1927-ல் தங்களை எப்படி நினைத்துக்கொண்டார்கள் என்பது தெரியும். அங்கிருந்து நடந்தே பழைய துறைமுகம். காலையில் போனால் சின்ன மீன்கடைகள் இருக்கும், படகுக்காரர்களே நீலத் தொட்டியில் வைத்து விற்பார்கள், ராஸ்காஸ் எது என்று கேளுங்கள், காட்டுவார்கள். நகராட்சி மன்றத்திலிருந்து எதிர்க்கரைக்குப் போகும் குட்டிப் படகு 1880 முதல் ஓடுகிறது, ஏறிப் பாருங்கள். கோட்டையடியில் சுகாதார அலுவலகம். குன்றின்மேல் நோத்ரு தாம் தெ லா கார்த் தேவாலயம், உள்ளே கூரையிலிருந்து நேர்த்திக்கடனாகக் கட்டித் தொங்கவிட்ட கப்பல் பொம்மைகள். மஸார்க் கல்லறைத் தோட்டத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள்.

கப்பலை நிறுத்திவைத்த தீவுகளுக்குத் துறைமுகத்திலிருந்து படகு உண்டு, ஆனால் மிஸ்ட்ரால் காற்று பலமாக அடிக்கும் நாளில் விட மாட்டார்கள். அன்றைக்கு ஊர் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். 1967-ல் கடைவளாகம் கட்டத் தோண்டியபோது கிடைத்த கிரேக்கர் கால மதிற்சுவர் அதன் தோட்டத்திலேயே இருக்கிறது. உள்ளே, 1993-ல் நகராட்சி மன்றத்துக்குப் பின்னால் எடுத்த கிரேக்கப் படகு ஒன்றை வைத்திருக்கிறார்கள். துருக்கிக் கரையின் ஃபோக்கேயாவிலிருந்து கிரேக்கர்கள் கி.மு. 600 வாக்கில் வந்து இந்த ஊரை அமைத்ததற்கு அடுத்த சில தலைமுறைக்குள் ஓடிய படகு. ஆணி இல்லாமல் பலகைக்குப் பலகை கயிற்றால் தைத்தது. உள்ளே பூசிய கீலில் சிவப்புப் பவளத் துணுக்குகள் ஒட்டியிருந்தன, பவளம் எடுக்கப் போன படகாக இருக்கும் என்கிறார்கள். தையல் துளைகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள், சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.